பிச்சை: பிய்த்ததா, பங்கா?

பிய்த்துப் போடுவதால் ‘பிச்சை’ ஆயிற்று என்று விளக்கம் சொல்வோர் உண்டு. ஒலி ஒத்துவந்ததும் வேர் கிடைத்துவிட்டதாக எண்ணும் அவசரம் அது. பிச்சை, வடமொழி ‘பிக்ஷா’வின் தமிழ் வடிவம், பிட்சுவும் பிக்குணியும் அதன் உறவுகள். ‘பிக்ஷ்’ என்பதோ பகிர்தலைக் குறிக்கும் ‘பஜ்’ வினையின் விழைவு வடிவம். பாகம், பக்தி இரண்டும் அந்த வேரில் பிறந்தவையே. பிச்சை கேட்டவர் கேட்டது பங்கு.

பழைய வழக்கும் இதற்கு ஒத்துவருகிறது. ஆண்டாள் திருப்பாவையில் ஐயத்தையும் பிச்சையையும் தனித்தனியே சொல்கிறாள். பிரமசாரிக்கும் சந்நியாசிக்கும் இடுவது பிச்சை என்பது உரைமரபு. மணிமேகலையின் அமுதசுரபியில் முதலில் சோறிட்டவள் ஆதிரை. அந்தக் காதையின் பெயரிலேயே பிச்சை இருக்கிறது. தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் இரப்போர் சொற்களாக வகுத்தார்: தாழ்ந்தோன் சொல் ஈ, ஒப்போன் சொல் தா, உயர்ந்தோன் சொல் கொடு. உயர்ந்தவனும் இரக்கக்கூடும் என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டது.

‘பிச்சை’ என்ற சொல்லோடு ‘பிரச்சினை’ இறுக ஒட்டிக்கொண்டது விடுதலைக்குச் சற்று முன்னும் பின்னுமான ஆண்டுகளில்தான். பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர் ஜே.எம். குமரப்பா, பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். பிச்சைக்காரர் பிரச்சினை பற்றி அவர் தொகுத்த ஆங்கில நூல் 1945இல் வந்தது. சமூகவியலாளர் எம்.எஸ். கோரே டெல்லி மாநகரப் பிச்சைக்காரரைப் பற்றிய ஆய்வை 1959இல் வெளியிட்டார். உடல் திடமானவர், ஊனமுற்றவர், நோயாளி, மதத்தின் பேரால் இரப்பவர் என்று பிரித்துப் பார்ப்பது அக்காலச் சமூகப்பணியாளரின் முறை. கண்டபடி தருமம் செய்வதை நிறுத்தி, இல்லம் அமைத்து, தொழில் கற்றுக்கொடுத்து அரசே பொறுப்பேற்க வேண்டும் என்றனர். எண்ணம் நல்லது.

சட்டமாக வந்ததோ வேறு. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடி, ஆடி, குறி சொல்லி, பொருள் விற்பதாகக் காட்டிக் காசு வாங்குவதையும் பிச்சையில் சேர்த்தது. பிடிபட்டவரை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பிடத்தில் அடைக்கலாம். திரும்பத் திரும்ப அகப்பட்டால் பத்தாண்டு வரை. யாழோடு ஊர் ஊராகப் போன பாணரும் ஆடிப் பரிசில் பெற்ற விறலியரும் இன்று தெருவில் நின்றால் இந்த வரையறைக்குள் வருவார்கள். ஆற்றுப்படைப் பாட்டுகளே இரவலரை வழிநடத்தப் பிறந்தவை!

2018 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் தலைநகரில் இந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைச் செல்லாது என அறிவித்தது. மற்ற மாநிலங்களும் தங்கள் சட்டங்களிலிருந்து அப்பிரிவுகளை நீக்க வேண்டும்.