துவாக்குடியும் சேதுராப்பட்டியும்: ஒரே மாவட்டத்தின் இரு சேர்க்கை முறைகள்

திருச்சி மாவட்டம் திருவெறும்பூர் வட்டத்துத் துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் (என்ஐடி) ஆனது. அதே மாவட்டத்தில், ஸ்ரீரங்கம் வட்டத்துச் சேதுராப்பட்டியில், 2013இல் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. சேதுராப்பட்டியில் இடம்பெற பிளஸ் டூ மதிப்பெண் போதும்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கட்ஆஃப். துவாக்குடியில் ஜேஇஇ மெயின் தரவரிசையே முடிவு செய்கிறது. பிளஸ் டூவில் 75 விழுக்காடு (பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 65), அல்லது தேர்வு வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள் இடம் என்பது அங்கே குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. அதைத் தாண்டிய மதிப்பெண்ணுக்கு எடையே இல்லை.

என்ஐடி இடங்களில் பாதி, அந்தந்த மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உரியது. அந்தப் பாதியிலேனும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் பள்ளிச் சூழலுக்கும் எடை தரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் கலப்பது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு முறையில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என மொத்தம் 300 மதிப்பெண்ணுக்கு வரிசை போட்டார்கள். பயிற்சி மையங்கள் நகரங்களில் குவிந்ததால் கிராமத்து மாணவர் பின்தங்கினர். கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்வை நீக்கியது. நீக்கியது சரியே. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணும் பணத்துக்கு எட்டாததாக இருக்கவில்லை. நாமக்கல் பாணி உறைவிடப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்தன. அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. எந்த ஒற்றை அளவுகோலை வைத்தாலும் வசதி படைத்தோர் அதை முற்றுகையிடுவார்கள் என்பதையே இவ்விரு அனுபவங்களும் காட்டுகின்றன.

ஜேஇஇ மெயினிலும் 2013 முதல் 2016 வரை வாரிய மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது. பல வாரியங்களின் மதிப்பெண்களைச் சதமானமாக்கி ஒப்பிடும் முறை சர்ச்சைக்குள்ளாகி, 2017இல் கைவிடப்பட்டது. நாடு முழுதும் ஒப்பிடுவது கடினம் என்பதை ஏற்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குரிய பாதி இடங்களுக்குப் போட்டியிடுவோர் பெரும்பாலும் மாநில வாரியம், சிபிஎஸ்இ என்ற இரண்டிலிருந்தே வருகிறார்கள். இந்த அளவில் ஒப்பீடு கைக்கு எட்டியதே.

தேர்வை ஆதரிப்போர் அமெரிக்காவின் எம்ஐடியைச் சுட்டுவார்கள். பெருந்தொற்றின்போது எஸ்ஏடி நுழைவுத் தேர்வின் கட்டாயத்தைத் தளர்த்திய அந்நிறுவனம் 2022இல் அதை மீட்டது. நல்ல பாடவசதி இல்லாத பள்ளிகளின் திறமையான பிள்ளைகளைக் கண்டறிய அத்தேர்வு மதிப்பெண் உதவுகிறது என்றது. வலுவான வாதம்தான். ஆனால் எம்ஐடி அந்த மதிப்பெண்ணை மாணவர் படித்த பள்ளியின் நிலையோடு சேர்த்துப் படிக்கிறது. ஜேஇஇ தரவரிசையோ பள்ளியைப் பார்ப்பதே இல்லை. கோச்சிங்குக்கு லட்சங்கள் செலவழித்த வீட்டுப் பிள்ளையும், இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த பள்ளியில் படித்த பிள்ளையும் அங்கே இரண்டு எண்கள் மட்டுமே.

2021 முதல் ஜேஇஇ மெயினைத் தமிழிலும் எழுதலாம். நல்ல மாற்றம், எனினும் பயிற்சி இடைவெளியை அது குறைக்கவில்லை. அதே ஆண்டு பொறியியல் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தமிழ்நாடு அளித்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் துவாக்குடி வாசலோடு நின்றுவிடுகிறது. என்ஐடி ஒன்றிய அரசின் நிறுவனம்; மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே ஒன்றியக் கல்வி அமைச்சகம் செய்யவேண்டியவை இரண்டு. மாநிலத்துக்குரிய பாதி இடங்களில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கேனும் எடை தந்து, அரசுப் பள்ளி மாணவர்க்குத் தனி ஒதுக்கீடும் வழங்கவேண்டும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரசுப் பள்ளியினர் என்பதை ஒவ்வொரு என்ஐடியும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்யவேண்டும். இரண்டாவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. வரும் கலந்தாய்விலேயே தொடங்கலாம்.