அடுப்புக்காரர் ஃபூர்னோ

ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்றால் என்னவென்று நம்ம மாதிரி பொட்டி தட்டுற மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோர்ஸ் கோட் இல்லாமலே, வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. மருந்தில் அதைச் செய்து காட்டிய ஒருத்தர் இருக்கார்: எர்னெஸ்ட் ஃபூர்னோ (1872-1949).

பிரான்ஸில் பியாரிட்ஸ்காரர். பார்மசி படித்துவிட்டு, ஜெர்மனி போய் எமில் ஃபிஷர் போன்ற ஜாம்பவான்களிடம் வேதியியல் கற்றார். திரும்பி வந்து, மரத்துப்போகச் செய்ய அப்போது பயன்பட்ட கொக்கெய்னுக்கு மாற்றாக 1904-ல் ஸ்டோவெய்ன் கொண்டுவந்தார். ஃபூர்னோ என்றால் பிரெஞ்சில் அடுப்பு. அதை இங்கிலீஷ் ஸ்டவ் ஆக்கி மருந்துக்குப் பேர் வைத்துவிட்டார். குசும்பு :-)

1911 முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் மருந்து வேதியியல் பிரிவின் தலைவர். நம்ம கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, ஆப்பிரிக்கக் காலனிகளை இழந்திருந்தது. அந்த நேரத்தில் பேயர் கம்பெனி 'பேயர் 205' என்று ஒரு மருந்தைக் கொண்டுவந்தது. ட்செட்சி ஈ கடித்து வரும் தூக்கநோய்க்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் ஃபார்முலா மட்டும் பரம ரகசியம். காலனியைத் திருப்பிக் கொடுத்தால் ரகசியம் வரும் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. நடுவில் செத்துக்கொண்டிருந்தது ஆப்பிரிக்க ஜனங்கள்.

ஃபூர்னோ என்ன செய்தார்? பேயரின் பழைய பேட்டன்ட்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிலிருந்து ஒரு வேதிக்குடும்பத்தை யூகித்து, ஒவ்வொன்றாகத் தயாரித்துச் சோதித்தார். 1924-ல் 'ஃபூர்னோ 309' சிக்கியது. அது பேயர் 205-ஏதான்! அமைப்பை ஊரறிய வெளியிட்டார். இன்றைய பெயர் சுராமின்.

1935-ல் இன்னொரு தரம். பேயரின் ப்ரொன்டோசில், கிருமிகளைக் கொல்லும் சிவப்புச் சாயம். உடம்புக்குள் அது உடைந்து வருகிற நிறமில்லாத சல்ஃபனிலமைடுதான் வேலை செய்கிறது என்று ஃபூர்னோவின் ஆய்வகத்தில் ட்ரெஃபுவெல் தம்பதி, நித்தி, போவே நாலு பேரும் கண்டுபிடித்தார்கள். சல்ஃபனிலமைடு 1908-லேயே தயாரிக்கப்பட்ட பழைய சரக்கு. யார் வேண்டுமானாலும் மலிவாகச் செய்யலாம்!

ப்ரொன்டோசிலுக்காக டோமாக்குக்கு 1939-ல் நோபல். போவேக்கு 1957-ல் வேறு வேலைகளுக்காக நோபல். தலைவருக்கு ஒன்றும் இல்லை. பிரான்ஸ்-ஜெர்மனி நட்புக் கமிட்டியில் இருந்த அவர், 1944-ல் பாரிஸ் விடுதலையானதும் கைதானார்.

அடுத்தவன் உழைப்பைத் திருடினார் என்று சொல்வீங்களா? பேயர்காரர்கள் உழைத்தது நிஜம்தான். ஆனா உயிர் காக்கிற ஃபார்முலாவைப் பூட்டி வைத்தால், பூட்டை உடைக்கிறவன் பக்கம்தான் நான். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?