நடவு நடும் தாய்க்கு ஓய்வு



காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம். 1895-ல் பாரிஸ் மருத்துவர் பினார், பிரசவத்துக்கு வந்தவர்களின் குழந்தைகளை எடை போட்டுப் பார்த்தார். கடைசி நாள் வரை உழைத்தவர்களின் பிள்ளையைவிட, சில நாளாவது ஓய்ந்திருந்தவர்களின் பிள்ளை சுமார் கால் கிலோ கூடுதல்! 1909-ல் பிரான்சிலே, பேறுகாலத்துக்கு எட்டு வாரம் நின்றாலும் வேலை போகாது என்று சட்டம் செய்தார்கள். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பன்னிரண்டு வாரம் என்றது. அதுவும் ஆலைக்கும் வணிகத்துக்கும்தான். திருநள்ளாறு, நெடுங்காடு வயல்களில் குனிந்து நாற்று நட்டவள் கணக்கிலேயே இல்லை.

1954-ல் ஆட்சி மாறியது. 1961-ல் வந்த இந்தியச் சட்டமும் தொழிற்சாலை, சுரங்கம், தேயிலைத் தோட்டம் என்றுதான் பேசியது. 2017-ல் விடுப்பு 26 வாரமானது. தினக்கூலி நடவாளுக்கு அது எட்டவில்லை. கூலி இழப்புக்கு ஓரளவு ஈடாக, முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் என்ற மத்தியத் திட்டம் வந்ததும் அதே ஆண்டுதான்.

பட்டணத்து ஆலைக்காரிக்குத்தான் ஓய்வு வேண்டுமா? 1990-களில் புனே பக்கம் ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். வயல்வேலையும் தண்ணீர் சுமப்பதும் கூடக்கூட, பிள்ளை எடை குறைந்தது. அதுவும் ஐந்தாம் மாத வேலையிலேயே தெரிந்தது. 'ஒன்பதாம் மாசம் பார்த்துக்கலாம்' என்பது காலங்கடந்த பேச்சு.

அதற்காகப் படுத்தே கிடக்கச் சொல்லவில்லை. பெற்றபின் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். மெல்ல நடக்கட்டும், பிள்ளை தூங்கும்போது அவளும் தூங்கட்டும். குடத்தை வீட்டுக்காரர் தூக்கலாமே!