உறையாத இரத்தம்: பம்பாயின் இதய அறுவை அரங்குகளும் ஹெப்பாரினும்

உயிருள்ள நாளத்தில் ஓடும்வரை நீர்மமாக இருக்கும் இரத்தம், கண்ணாடியையோ உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ தொட்டதும் உறையத் தொடங்கிவிடுகிறது. அந்நியப் பரப்பில் இரத்தப் புரதங்கள் முதலில் படிய, அவற்றின்மேல் தட்டணுக்கள் ஒட்ட, ஃபைப்ரின் என்னும் நார்ப்புரதம் இழையிழையாகப் பின்னிச் சிவப்பணுக்களைச் சிறைப்பிடிக்கிறது. நாளங்களின் உட்சுவரில் எண்டோதீலியம் என்னும் உயிரணுப் படலம் இருப்பதால்தான் உடலுக்குள் இது நேர்வதில்லை. இரத்தத்தை உடலுக்கு வெளியே சுழலவிடும் எந்தக் கருவியிலும் அந்தப் படலம் கிடையாது.

1913இல் பால்டிமோரில் ஜான் ஏபலும் அவர் துணைவர்களும் விலங்குகளின் இரத்தத்தைச் செயற்கைக் குழாய்களில் செலுத்திச் சுத்திகரித்தபோது, அட்டைகளின் தலையிலிருந்து பிரித்த ஹிருடின் என்னும் பொருளைக் கொண்டே உறைவைத் தடுத்தனர். அதே நகரில் 1916இல் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர் உறைவைத் தடுக்கும் மற்றொரு பொருளைக் கண்டார். நாயின் கல்லீரலில் அத்தகைய பொருளை ஆராய்ந்த அவருடைய ஆசிரியர் வில்லியம் ஹோவெல், 1918இல் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார். 1930களில் டொரன்டோவில் அது தூய்மையாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே மனிதருக்குத் துணிந்து செலுத்த முடிந்தது. 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், ஹெப்பாரினால் உறையாமல் வைத்த இரத்தத்தை உடலுக்கு வெளியே சுழலவிடும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் இதயத்தைத் திறந்து, உள்ளிருந்த துளையை அடைத்தார்.

எட்டாண்டுகளில் அந்த நுட்பம் பம்பாய்க்கு வந்தது. 1961இல் பி.ஒய்.எல். நாயர் மருத்துவமனையில் கே.என். தஸ்தூர் இயந்திரத்தின் துணையோடு திறந்த இதய அறுவையை நடத்தினார்; அடுத்த ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் என். கோபிநாத் அதைச் செய்தார். பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென், ஜி.பி. பருல்கர் ஆகியோர் இத்துறையை வளர்த்தனர். 1968 பிப்ரவரி 16 அன்று இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் சென் செய்ததும் அங்கேதான்.

அக்கால இயந்திரத்தின் குழாய்களையும் ஆக்சிஜனேற்றும் கலத்தையும் முன்கூட்டியே நிரப்புவதற்கு லிட்டர் கணக்கில் பிறருடைய இரத்தம் வேண்டியிருந்தது என்பது இன்று பலருக்கும் நினைவில்லை. வங்கி இரத்தத்தில் கலக்கும் சிட்ரேட், இதயம் துடிக்கத் தேவையான கால்சியத்தைப் பிணைத்துவிடும் என்பதால், கொடையாளர்களிடமிருந்து புதிதாக எடுத்து ஹெப்பாரின் கலந்த இரத்தமே விரும்பப்பட்டது. இந்தியாவில் பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் முறை 1998 ஜனவரி வரை சட்டப்படி தடைசெய்யப்படவில்லை; ஆகவே இந்த அறுவைகளின் வரலாற்றில் வறியவர்களின் உடலுக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. 1952இல் ஒய்.எம். பெண்டேயும் அவர் குழுவினரும் இந்நகரில் கண்டறிந்த ‘பாம்பே’ வகை இரத்தம் உடையவர்களுக்கு, ஓ வகை உட்பட வேறெந்த இரத்தமும் ஒவ்வாது என்பதால், இம்முறை ஏறக்குறைய எட்டாததாகவே இருந்திருக்கும். உப்புநீர், குளுக்கோஸ் கரைசல்களால் இயந்திரத்தை நிரப்பலாம் என்பது 1960களில் நிறுவப்பட்ட பிறகே இந்தத் தேவை குறைந்தது.

மருந்தின் அளவு அடுத்த சிக்கலாயிற்று. உடல் எடையைக் கணக்கிட்டுக் கொடுத்த ஒரே அளவு ஹெப்பாரின் ஒருவருக்குப் போதாமலும் மற்றொருவருக்கு மிகுதியாகவும் ஆயிற்று. போதாவிடில் ஆக்சிஜனேற்றியில் இரத்தம் கட்டும், மிகுந்தால் காயத்தில் கசிவு நிற்காது. சோதனைக் குழாயில் இரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று அறுவை அரங்கிலேயே பார்க்கும் எளிய சோதனையை 1966இல் ஹாட்டர்ஸ்லி வகுத்தார். இயல்பாக இரண்டு நிமிடத்தையொட்டி இருக்கும் அந்நேரம், இயந்திரம் ஓடும்போது 480 வினாடிக்குக் குறையக்கூடாது என்பது பின்னர் வழக்கமாயிற்று. அறுவை முடிந்ததும் ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமீன், சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படுவது.

அறுவை அரங்குக்கு வெளியே, எளிய குடும்பங்கள் இரத்த உறைவின் விலையை உணர்வது பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் டயாலிசிஸில்தான். இந்தியாவில், இரத்தத்தை வடிகட்டும் டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது பரவலான வழக்கம். அதன் நுண்குழல்கள் உறைவால் அடைபட்டு, கொள்ளளவு தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அதை எறிந்துவிட வேண்டும். உறைவு மிகுந்தால் புதிய டயலைசரின் செலவு கூடுகிறது. ஏற்கெனவே இரத்தசோகையுள்ள நோயாளி, குழாயில் கட்டிய தம் இரத்தத்தையும் இழக்கிறார்.

ஹெப்பாரினை அளந்து செலுத்தி, குழாயின் நிறமாற்றத்தையும் அழுத்தமானியையும் கண்காணித்து நிற்பவர்கள் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டுகளும் டயாலிசிஸ் டெக்னீஷியன்களும் ஆவர். அறுவை மருத்துவர்களின் பெயர்களோடு நின்றுவிடும் மும்பையின் மருத்துவ வரலாறு, இந்தப் பணியாளர்களுள் மூத்த தலைமுறையினர் இருக்கும்போதே அவர்களுடைய நினைவுகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் திரட்டி எழுதப்பட வேண்டும்.