இழுக்காத தேர்: வார்ப்பு உலோகப் பொம்மைக் கார்களும் சேகரிப்புப் பழக்கமும்

ஏர்வாடிப் பக்கத்துப் பனங்காடுகளில் பிள்ளைகளின் முதல் வண்டி நுங்கு வண்டிதான். நுங்கு குடித்துப் போட்ட இரண்டு காய்கள், ஊடே ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவைக்கம்பு. காய் வாடிச் சுருங்கினால் வீசிவிட்டு வேறு செய்துகொள்வார்கள். பட்டினப்பாலையில் வீட்டு முற்றத்தில் ஓடும் முக்காற் சிறுதேருக்கும், குறுந்தொகை 61ஆம் பாட்டில் தச்சன் செய்துதரும் சிறுதேருக்கும் இதே விதிதான். ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்தே பிள்ளைகள் இன்பம் காண்கிறார்கள் என்கிறது அந்தக் குறுந்தொகைப் பாட்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமும் சிறுதேர்தான். தேய்ந்து உடைவதற்கென்றே பிறந்தவை இவை. இழுக்கவும் கூடாத, தொடவும் தயங்க வேண்டிய வண்டி மிக அண்மைக் காலத்துப் பண்டம்.

அதன் தொடக்கம் இங்கிலாந்தின் லிவர்பூல். பொம்மை ரயில்களுக்குத் துணைப்பொருளாக மெக்கானோ நிறுவனம் வார்த்த சிறு வாகனங்கள் 1934இல் டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால், கதவின் கோடு வரை பிசகாமல் பதிந்துவிடும். ஆனால் கலவையில் சிறிது ஈயம் கலந்தாலும் போதும். ஆண்டுகள் கழித்து உலோகம் உப்பி, வெடிப்பு விட்டு, கையிலேயே உதிரும். போருக்கு முந்தைய டிங்கிகள் பல இப்படித்தான் அழிந்தன. 1953இல் லெஸ்னி நிறுவனம் தீப்பெட்டி அளவிலான மேட்ச்பாக்ஸ் கார்களைக் கொண்டுவந்தது. 1968இல் அமெரிக்க மேட்டல் ஹாட் வீல்ஸை இறக்கியது.

இந்தியக் கதை அச்சுகள் கைமாறிய கதை. லிவர்பூலில் ஓய்வுபெற்ற டிங்கி அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தன. சில வண்டிகளின் அடித்தட்டில் ‘டிங்கி’ என்ற எழுத்தைத் தேய்த்து அழித்த தழும்பு அப்படியே தெரியும். பெயிண்ட் தடிமன், பூச்சு சீரில்லை. மேட்ச்பாக்ஸ் அச்சுகளும் அதே நகரத்து மாக்ஸ்வெல் நிறுவனத்திடம் வந்துசேர்ந்தன. லியோ முத்திரையோடு இந்திய ஹாட் வீல்ஸ் பின்னால் வந்தது. ஏர்வாடி, கீழக்கரை வீடுகளுக்கு இன்னொரு வழியும் இருந்தது: வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவரின் பெட்டி. அன்று மட்டமான சரக்கு எனப்பட்ட கல்கத்தா வண்டிகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அந்தக் குறைகளே அவற்றின் அடையாளம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

சேகரிப்பு முற்றிய இடம் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம். 1948இல் உருவான நாஸ்கார் பந்தய அமைப்பின் கார்களை 1989 முதல் ரேசிங் சாம்பியன்ஸ் 1:64 அளவில் வெளியிட்டது. 1990களில் ஆக்‌ஷன் நிறுவனம் 1:24 அளவில் விளம்பர ஒட்டுகளின் எழுத்து வரை நகலெடுத்தது. விளம்பரதாரர் மாறினால் வண்ணம் மாறும். வண்ணம் மாறினால் புது மாடல். 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபின் அவரது 3ஆம் எண் கறுப்புக் கார் நினைவுப்பொருளாகவே ஆகிவிட்டது. இவற்றுள் விசித்திரமானது, வென்ற காரைப் பந்தயம் முடிந்த நிலையிலேயே காட்டும் வகை. பக்கவாட்டில் டயர் உரசிய கறை, நசுங்கல், வெற்றிக்குத் தூவிய காகிதத் துணுக்கு எல்லாமே தொழிற்சாலையில் வைத்தவை. குழந்தை விளையாடி ஏற்படுத்த வேண்டிய சேதத்தைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிக்குள் பூட்டுகிறார்கள்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயனின் காரை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் 1:43 அளவில் வார்த்தது. 2010இல் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கிய அவர், நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய உலோகக் கார் கிடந்தால் புதுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். முதலில் புரட்டி அடித்தட்டைப் படியுங்கள்.