முதுசொம்

பாட்டி விட்டுச்சென்ற பொருள்களைக் குறிக்க ஈழத்தமிழில் ‘முதுசொம்’ என்றோர் அருமையான சொல் உண்டு. முது என்பது பழமை. சொம் என்பது உடைமை, வடமொழி ‘ஸ்வம்’ வழி வந்தது என்பர். முதுசம் என்றும் எழுதுவர். இச்சொல் பாட்டியின் பொருளுக்குப் பொருந்தாது என்போர், 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை என்னும் யாழ்ப்பாண வழக்கச் சட்டத்தைக் காட்டுவார்கள். பழைய வழக்கில் ஆணின் பரம்பரை உடைமையே முதுசொம். பெண்ணின் உடைமை சீதனமாக மகளுக்குப் போனது. அப்படியானால் அம்மம்மா நீர் பருகிய மூக்குப்பேணியை முதுசொம் என்பது பிழையல்லவா? பிழையில்லை. பெற்றோரோ அவர்களுக்கு முந்தியோரோ இறக்கும்போது ஆணுக்கானாலும் பெண்ணுக்கானாலும் வழிவழியாக இறங்கும் உடைமையை முதுசம் என்றே 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மரபுரிமைச் சட்டம் வரையறுத்தது. முது என்பதில் தந்தை என்ற பொருளும் இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு கைத்திறனைப் பற்றியது. பனையோலையில் நீத்துப்பெட்டியும் கொட்டப்பெட்டியும் இழைக்கும் திறனைப் பங்கிட முடியாது, அதற்கு உறுதி எழுதவும் முடியாது என்பார்கள். சட்டத்தில் அது சரி. மொழி சட்டத்தோடு நிற்பதில்லை. பழைய நூல்களையும் கலைகளையும் முதுசொம் என்று எழுதுவது ஈழத்து எழுத்தில் இன்று இயல்பான வழக்கு. அந்த விரிவு நியாயமானதும்கூட. பேணியைப் பேரப்பிள்ளைகளில் ஒருவர்தான் எடுக்கலாம். பின்னலை எல்லோரும் எடுக்கலாம். ஆனால் காணி ஆளில்லாமலும் கிடக்கும், கைத்திறன் அப்படிக் கிடக்காது. பாட்டியை நினைப்பவர்கள் அவருடைய பேணியைத் துலக்கி வைப்பதோடு நிற்காமல், ஓலை வார்ந்து பின்னத் தெரிந்த ஒருவரிடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும்.