மறுமலர்ச்சிக் கலை பிறந்த வரலாறு

1453-ஆம் ஆண்டில் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றினர். அங்கிருந்த கிரேக்க அறிஞர் ஏடுகளுடன் இத்தாலி புகுந்தனர். அதனால் ஐரோப்பாவில் மறுமலர்ச்சி தோன்றியது என்று நம்மிற் பலர் பள்ளியிற் பயின்றிருக்கிறோம். கல்வித்துறையில் இக்கூற்றுக்கு ஓரளவு இடமுண்டு. கலைத்துறைக்கோ இது பொருந்தாது. ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கின் உண்மை விளங்கும்.

1401-இல் பிளாரன்ஸ் நகரத் துணி வணிகர் சங்கம், திருமுழுக்குக் கோயிலுக்கு வெண்கலக் கதவுகள் அமைக்கும் பொருட்டுச் சிற்பிகளிடையே ஒரு போட்டி நடத்திற்று. ஆபிரகாம் தம் மகனைப் பலியிட முனையும் காட்சியை வடிக்க வேண்டும் என்பது விதி. கிபெர்ட்டி வென்றார். தோற்ற புருனெல்லெஸ்கி கட்டடக் கலையில் கருத்தூன்றி, அந்நகரப் பேராலயத்தின் மாபெருங் குவிமாடத்தை 1420-இல் தொடங்கி 1436-இல் எழுப்பி முடித்தார். அண்மையையும் சேய்மையையும் கணித நெறிப்படி ஓவியத்திற் காட்டும் முறையை ஆராய்ந்து நிறுவியவரும் அவரே. அம்முறையைக் கையாண்டு இளைஞர் மசாச்சோ 1427-ஐ ஒட்டித் தீட்டிய திரித்துவ ஓவியம், சுவரைக் குடைந்தமைத்த மண்டபமெனவே தோன்றுகிறது. 1435-இல் ஆல்பெர்ட்டி ஓவியத்திற்கு இலக்கண நூலே யாத்தார். இவை யாவும் 1453-க்கு முற்பட்டவை.

ஆகவே, இக்கலை அகதிகளின் ஏட்டுச் சுவடிகளிலிருந்து பிறந்ததன்று. வாணிகத்தால் வளம் பெற்ற நகரம், தன் பெருமையைக் கலையால் நிலைநாட்ட விழைந்த வணிகர், போட்டியாற் கூர்மையுற்ற கலைக்கூடங்கள், பண்டை உரோமரின் சிற்பங்களையும் இடிபாடுகளையும் புதுக்கண் கொண்டு நோக்கிய கலைஞர் ஆகியோரே இதனை ஈன்றனர்.

இக்கலை பரவிய வழியும் ஒருவழிப் பாதையன்று. வடக்கே, கெண்ட் நகரப் பலிபீட ஓவியத்தை யான் வான் ஐக் 1432-இலேயே எண்ணெய் வண்ணத்தில் நிறைவு செய்திருந்தார். அப்பகுதியைச் சேர்ந்த ஹியூகோ வான் டெர் கோஸ் தீட்டிய பலிபீட ஓவியம் 1483-இல் பிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. அதிற் கண்ட உழைத்துக் களைத்த இடையர் முகங்கள் இத்தாலியரை ஈர்த்தன. ஈராண்டிற்குள் கிர்லாந்தாயோ தம் ஓவியத்தில் அவற்றைப் பின்பற்றினார். செருமானியராகிய ட்யூரர் 1505-இல் வெனிஸ் சென்று கற்றார். அவருடைய அச்சுப் படங்களிலிருந்து இத்தாலியரும் கற்றனர். 1516-இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் அழைக்க, லியொனார்டோ அந்நாடு சென்று 1519-இல் அங்கேயே மறைந்தார்.

பழமையைப் போற்றுதல் வேறு, பழமையிலேயே தங்கிவிடுதல் வேறு. பிளாரன்ஸ் கலைஞர் முன்னோரை நகலெடுப்பதோடு அமையவில்லை. முன்னோரிடம் கற்றுத் தம் காலத்தைத் தம் கண்ணாற் கண்டனர். அயலார் சிறப்பை ஏற்கவும் தயங்கினாரல்லர். மறுமலர்ச்சி என்னும் சொல்லின் பொருளும் அதுவே: வேர் பழையது, மலர் புதியது.